பயர்வால் இன்ஸ்டால் செய்ய இத்தனை பாடு எதற்கு?

2003 ஆகஸ்ட் மாதத்தில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சிறிய பெட்டி மறந்திருக்காது. இன்டர்நெட்டில் இணைந்த சற்று நேரத்தில் திரையின் நடுவே வந்து நிற்கும். இன்னும் 60 விநாடிகளில் கம்ப்யூட்டர் நிறுத்தப்படும், திறந்து வைத்துள்ள பைல்களை சேவ் செய்து கொள்ளுங்கள் என்று சொல்லும். 59, 58, 57 என்று எண்கள் இறங்கும். நாம் என்ன செய்தாலும் கேட்காது. ரீஸ்டார்ட் ஆகி மீண்டும் நெட்டில் இணைத்தால் மீண்டும் அதே பெட்டி. ஹார்ட்வேர் கெட்டுவிட்டது என்று நினைத்து சிபியுவைத் தூக்கிக் கொண்டு கடைக்கு ஓடியவர்களும் உண்டு.

அது பிளாஸ்டர் என்ற வோர்ம் செய்த வேலை. எந்த மெயிலையும் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். நெட்டில் இணைந்திருந்தாலே போதும், 135 என்ற எண்ணுள்ள போர்ட் வழியாக உள்ளே வந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், இதைத் தடுக்கக்கூடிய பயர்வால் 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இருந்தது! ஆனால் அது ஆன் செய்யப்படாமல் இருந்தது. நெட்வொர்க் கனெக்‌ஷனைத் தேடி, ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, அட்வான்ஸ்டு என்ற டேபில் போய் ஒரு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் அங்கே எப்படிப் போவார்? 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்த பிறகுதான் அந்த டிக் தானாகவே விழுந்தது.

பயர்வால் இருப்பது வேறு, அது சரியாக இன்ஸ்டால் ஆகி வேலை செய்வது வேறு என்பதை அன்று நான் தெரிந்து கொண்டேன். ஓப்பன் சோர்ஸ் பயர்வால்களுக்கும் இதே கதைதான். புரோகிராமின் மூல வரிகளை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், காசு கொடுக்க வேண்டாம் என்ற வகை சாப்ட்வேர்களை ஓப்பன் சோர்ஸ் என்கிறோம். பெரிய நிறுவனங்கள் பல லட்சம் கொடுத்து வாங்கும் பயர்வால் பெட்டிகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இவை இலவசமாகவே செய்து தரும். ஆனால் இன்ஸ்டால் செய்யும் இடத்தில்தான் நம்மைப் போன்றவர்களைப் பாடாய்ப்படுத்தி வந்திருக்கின்றன. அந்தப் பாடு எப்படிக் குறைந்தது, இன்னும் எங்கே மீதி இருக்கிறது, நீங்கள் இறங்கினால் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் பயர்வால் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. அபார்ட்மென்ட் வாசலில் இருக்கும் வாட்ச்மேனை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே குடியிருப்பவர் வெளியே போவதை அவர் தடுப்பதில்லை. நீங்கள் கூப்பிட்டு அனுப்பிய கேஸ்காரரை உள்ளே விடுவார். யாரும் கூப்பிடாமல் வருபவரைத் திருப்பி அனுப்புவார். பயர்வாலும் இப்படித்தான். உங்கள் கம்ப்யூட்டர் கேட்டதற்கு வரும் பதிலை உள்ளே விடும். கேட்காமல் வரும் பாக்கெட்டுகளைக் கீழே போட்டுவிடும். இதற்காக யார் யாரைக் கேட்டார்கள் என்ற பட்டியல் ஒன்றை அது மெமரியில் வைத்திருக்கிறது.

உங்கள் விண்டோஸில் இப்போது பயர்வால் தானாகவே ஆன் ஆகியிருக்கும். பிராட்பேண்ட் கனெக்‌ஷனுடன் கொடுத்த ரவுட்டர் பெட்டிக்குள்ளும் சிறிய பயர்வால் ஒன்று உண்டு. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு செல்போன் மட்டும்தான் என்றால் இவை போதும். தனியாக ஒன்று போட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. வாசலில் கேமரா, ஹாலில் ஸ்மார்ட் டிவி, பையனின் கேம்ஸ் கம்ப்யூட்டர், அப்பா பேங்க் கணக்கு பார்க்கும் லேப்டாப் எல்லாம் ஒரே லைனில் இருக்கின்றன, கேமராவை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் தனி பயர்வால் பயன்படும். இன்னொரு காரணமும் உண்டு. வாங்கிய சில வருடங்களில் பல ரவுட்டர்களுக்கு அப்டேட் வருவது நின்றுவிடுகிறது. ஓப்பன் சோர்ஸ் பயர்வாலை ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டுக் கொண்டால், அப்டேட் வந்து கொண்டே இருக்கும்.

சிவப்பும் பச்சையும்

2001-ல் லினக்ஸ் கெர்னல் 2.4 வெளிவந்தபோது அதனுடன் ஐபிடேபிள்ஸ் என்ற பயர்வால் வந்தது. அருமையான கருவி. ஆனால் அதற்கு விண்டோவும் கிடையாது, மெனுவும் கிடையாது. எந்தப் பாக்கெட்டை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒவ்வொரு வரியாகக் கமாண்ட் டைப் செய்ய வேண்டும். வரிகளின் வரிசை மாறினால் அர்த்தமே மாறிவிடும். "எல்லாவற்றையும் விடு" என்ற வரி மேலே போய், "இதைத் தடு" என்ற வரி கீழே போனால், தடை என்பதே இல்லை. எர்ரர் மெசேஜும் வராது. அதுதான் பயம்.

இதற்கு மாற்றாக ஒரு முழு கம்ப்யூட்டரையே பயர்வாலாக மாற்றும் சிடிக்கள் வந்தன. பிரிட்டனில் 2000-ல் தொடங்கிய ஸ்மூத்வால், அதிலிருந்து 2001-ல் பிரிந்த ஐபிகாப் இரண்டும் அந்தக் காலத்தில் பெயர் பெற்றவை. சிடியைப் போட்டு, கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னால், மூலையில் கிடந்த பழைய பென்டியம் பயர்வாலாகிவிடும். பிறகு அதற்கு மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாம். மற்றொரு கம்ப்யூட்டரின் பிரவுசரிலிருந்தே அதைக் கவனித்துக் கொள்ளலாம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் நிறங்கள். இன்டர்நெட் வரும் பக்கம் சிவப்பு, வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இருக்கும் பக்கம் பச்சை, வெளியாட்கள் வந்து பார்க்கும் சர்வருக்கு ஆரஞ்சு, வயர்லெஸ்ஸுக்கு நீலம். எக்ஸ்டர்னல் இன்டர்பேஸ், டிஎம்இசட் என்று வாயில் நுழையாத பெயர்களைச் சொல்லாமல் "சிவப்புக்கு எந்தக் கார்டு, பச்சைக்கு எந்தக் கார்டு" என்று கேட்டார்கள். சிவப்பு ஆபத்து, பச்சை நிம்மதி என்பது சிக்னலில் நின்ற எவருக்கும் தெரியும். ஐபிகாப்புக்கு 2015-க்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை. ஆனால் அதன் வழியில் வந்த ஐபிபயர் இன்றும் இந்த நிறங்களைத்தான் வைத்திருக்கிறது.

நான் அழித்த கல்யாணப் படங்கள்

2005-ல் இந்த வகை சிடி ஒன்றை என் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். அதன் பெயர் இங்கு வேண்டாம். தப்பில் முக்கால் பங்கு என்னுடையது. அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. சிறியது காலி. பெரியதில், முந்தின வருடம் நடந்த என் தங்கை கல்யாணத்தில் டிஜிட்டல் கேமராவில் நான் எடுத்த படங்கள். பயர்வாலுக்குச் சின்ன டிஸ்க் போதுமே, அதில்தான் போய் உட்காரும் என்று நானாகவே நினைத்துக் கொண்டேன்.

நீலத் திரையில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள். கீழே ஓகே, கேன்சல் என்று இரண்டு பட்டன்கள். ஓகே ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டு மின்னிக் கொண்டிருந்தது. அதற்கு முன் வந்த ஏழெட்டுத் திரைகளிலும் ஓகேதான் தட்டியிருந்தேன். கை அதே வேகத்தில் என்டரைத் தட்டியது. அந்த நான்கு வரிகளில் ஒன்று, முதல் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும் என்பது. முதல் டிஸ்க் எது? கேபிள் எந்த வரிசையில் செருகப்பட்டிருக்கிறதோ அந்த வரிசையில் முதல். எனக்கு அது பெரிய டிஸ்க்.

போட்டோகிராபர் போட்ட ஆல்பம் இருந்தது. ஆனால் பந்தியில் பாட்டி இலையைப் பார்த்துச் சிரித்த படம் அதில் கிடையாது. ஒரு உறவினருக்கு சிடியில் எழுதிக் கொடுத்திருந்த நாற்பது படங்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன. பாட்டியின் படம் அதில் இல்லை.

அன்றிலிருந்து எந்த இன்ஸ்டாலரைப் பார்த்தாலும் முதலில் கவனிப்பது, டிஸ்க்கை அழிக்கும் திரையில் எந்தப் பட்டன் தயாராகத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறது என்பதைத்தான். இப்போதைய நல்ல இன்ஸ்டாலர்கள் டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு, நாமே ஒன்றை டிக் செய்தால்தான் மேலே போகும். ப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்டவற்றில், இசட்எப்எஸ் முறையில் இன்ஸ்டால் செய்தால், "இதுதான் கடைசி வாய்ப்பு" என்ற பொருளில் தனித் திரை ஒன்று வந்து, எந்த டிஸ்க் அழியப் போகிறது என்று பெயரைச் சொல்லிக் கேட்கும். நல்ல முன்னேற்றம். இருந்தாலும், பயர்வால் போடப் போகும் கம்ப்யூட்டரிலிருந்து மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்தச் சாப்ட்வேராலும் அழிக்க முடியாது.

வயரைப் பிடுங்கிச் செருகு

பயர்வால் கம்ப்யூட்டருக்குக் குறைந்தது இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வேண்டும். ஒன்றில் இன்டர்நெட் வரும்; இதற்கு வேன் என்று பெயர் (கல்யாண வேன் அல்ல!). மற்றொன்று வீட்டுப் பக்கம்; இது லேன். எந்தக் கார்டு எது என்று இன்ஸ்டாலருக்குச் சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுந்தார்கள். ஏனென்றால் திரையில் கார்டுகளின் பெயர்கள் இஎம்0, ஆர்இ0 என்று வரும். லினக்ஸ் என்றால் இடிஎச்0, இடிஎச்1. கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டு ஓட்டைகளும் ஒரே மாதிரி இருக்கும். எதிலும் பெயர் எழுதியிருக்காது.

மானுவல் காஸ்பர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 2003-ல் மோனோவால் என்ற பயர்வாலை வெளியிட்டார். ப்ரீபிஎஸ்டியின் மேல் கட்டப்பட்ட மிகச் சிறிய சாப்ட்வேர். சிறிய மெமரி கார்டு ஒன்றிலேயே அடங்கிவிடும். அதன் செட்டிங்குகள் அனைத்தும் ஒரே எக்ஸ்எம்எல் பைலில் இருக்கும். இதன் அருமையைப் பின்னால் சொல்கிறேன். 2004-ல் இதிலிருந்து பிஎப்சென்ஸ் கிளைத்தது. 2015 ஜனவரியில் நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் பிஎப்சென்ஸிலிருந்து பிரித்து ஓபிஎன்சென்ஸை வெளியிட்டது. அடுத்த மாதமே மோனோவாலை நிறுத்திய காஸ்பர், தன் வாசலுக்கு வந்தவர்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் அனுப்பி வைத்தார்.

இந்தக் குடும்பத்தில் ஒரு வசதி உண்டு. வேன் எந்தக் கார்டு என்று கேட்கும் இடத்தில் பெயர் தெரியாவிட்டால் ஏ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் தட்டலாம். உடனே, "இன்டர்நெட் கேபிளை இப்போது செருகுங்கள், பிறகு என்டர் தட்டுங்கள்" என்ற பொருளில் மெசேஜ் வரும். செருகியதும் எந்தக் கார்டில் புதிதாக உயிர் வந்தது என்று அதுவே கண்டுபிடித்துக் கொள்ளும். லேனுக்கும் இதே மாதிரி. படித்துத் தெரிந்து கொள்ள வேண்டிய கேள்வியை, கையால் செய்து காட்டிப் பதில் சொல்லும் கேள்வியாக மாற்றிவிட்டார்கள். இன்ஸ்டாலரில் நான் பார்த்த மிகச் சிறந்த யோசனை இதுதான் என்பேன்.

இதில் கவனிக்க வேண்டியது: தொடங்கும்போது கேபிள்களைச் செருகாமல் வைத்திருங்கள். கேபிளின் மறுமுனை மின்சாரம் உள்ள ரவுட்டரிலோ ஸ்விட்ச்சிலோ இருக்க வேண்டும். அணைந்து கிடக்கும் பெட்டியில் செருகினால் கார்டில் லிங்க் வராது. சாப்ட்வேர் வேலை செய்யவில்லை என்று நாம் திட்டிக் கொண்டிருப்போம். இரண்டாவது கார்டு வாங்குவதாக இருந்தால், முதல் கார்டு வேறு கம்பெனியாக இருப்பது இன்னொரு வகையில் உதவும். ப்ரீபிஎஸ்டியில் கார்டின் பெயர் அதன் டிரைவரை வைத்து வருகிறது. இன்டெல் கார்டுகள் பல இஎம் என்றும், ரியல்டெக் கார்டுகள் ஆர்இ என்றும் வரும். பார்த்தவுடன் பிரித்துச் சொல்லிவிடலாம்.

மாப்பிள்ளை இன்ஸ்டால் செய்தார், நான் பார்த்தேன்

அண்மையில் என் தங்கை வீட்டில் கேமரா போட்டார்கள். அதைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று தங்கையின் கணவர் கேட்டார். ஆபீஸில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. ஓபிஎன்சென்ஸ் போடலாம் என்று முடிவு செய்தோம். அவர் கம்ப்யூட்டரில் எக்ஸெல் தெரிந்தவர், அவ்வளவுதான். "மாப்பிள்ளை, நீங்களே செய்யுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் எழுதிக் கொள்கிறேன்" என்றேன். காபி கொண்டு வந்த தங்கை, "அண்ணா, டிஸ்க்கைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருபது வருடம் ஆகியும் விடவில்லை.

முதலில் அவர் நின்றது டவுன்லோட் பக்கத்தில். டிவிடி, விஜிஏ, சீரியல், நானோ என்று நான்கு வகை பைல்கள். மானிட்டர் வைத்து, பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்பவருக்கு வேண்டியது விஜிஏ. ஆனால் பென் டிரைவ் என்ற வார்த்தைக்கும் விஜிஏ என்ற வார்த்தைக்கும் என்ன சம்பந்தம் என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? அவர் சீரியலை எடுத்தார். அது மானிட்டர் இல்லாத பெட்டிகளுக்கானது. சீரியல் கேபிள் வழியாகப் பேசும். பூட் செய்தார். திரையில் கேள்விகள் எதுவும் வரவில்லை. மானிட்டர் கேபிளை மூன்று முறை பிடுங்கிச் செருகிப் பார்த்தார். நாற்பது நிமிடம் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

டவுன்லோட் ஆகும் பைல் பிஇசட்2 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும். 7-ஜிப் கொண்டு விரித்து, ரூபஸ் அல்லது எட்சர் போன்ற புரோகிராமால் பென் டிரைவில் எழுதலாம். பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். விரிப்பதற்கு முன், டவுன்லோட் செய்த பைல் ஒழுங்கானதுதானா என்று சரிபார்க்க வேண்டும். தளத்தில் எஸ்எச்ஏ-256 என்று நீண்ட எண் ஒன்று தந்திருப்பார்கள். 7-ஜிப் இருந்தால் பைல் மேல் ரைட் கிளிக் செய்து அதே கணக்கைப் போடச் சொல்லலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் பைல் வழியில் கெடவில்லை. வீட்டுக்குக் காவல் போடப் போகிறோம். வாட்ச்மேன் யார் என்று விசாரிக்காமல் வைப்போமா?

இரண்டாவது நிறுத்தம் லாகின் திரை. பென் டிரைவிலிருந்து பூட் ஆகி, கார்டுகளை அடையாளம் காட்டிய பிறகு ஓபிஎன்சென்ஸ் லைவாகவே ஓடத் தொடங்கும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே வேலை செய்து பார்க்கலாம். பிடித்திருந்தால் இன்ஸ்டாலர் என்ற யூசர் பெயரில் லாகின் செய்ய வேண்டும். இது நல்ல ஏற்பாடு. பாஸ்வேர்ட், அந்தச் சாப்ட்வேரின் பெயரையே ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில் அடிப்பதுதான். ஆனால் பாஸ்வேர்டை டைப் செய்யும்போது திரையில் புள்ளிகூட வராது. மாப்பிள்ளை கீபோர்டு செத்துவிட்டது என்று வேறு கீபோர்டு எடுக்க எழுந்துவிட்டார்.

டிஸ்க் திரையில் அவர் நிற்கவில்லை. நான்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு டிஸ்க்தான் இருந்தது.

மெமரி பற்றியும் சொல்ல வேண்டும். ஓடுவதற்கு 2 ஜிபி ராம் போதும் என்றாலும், லைவாக ஓடிக் கொண்டே டிஸ்க்கில் காப்பி செய்ய வேண்டியிருப்பதால் இன்ஸ்டால் செய்யும்போது அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். 4 ஜிபி வைத்துக் கொண்டால் தொல்லை இல்லை. பிராசசர் 64-பிட்டாக இருக்க வேண்டும். ஐபிகாப் காலத்துப் பென்டியத்தைத் தூசி தட்ட நினைப்பவர்கள் மன்னிக்கவும்.

கடைசி நிறுத்தம்தான் பெரியது. இன்ஸ்டால் முடிந்தது, பென் டிரைவை எடுத்தாயிற்று, லேப்டாப்பை லேன் பக்கம் செருகியாயிற்று. பிரவுசரில் 192.168.1.1 என்ற முகவரியை அடித்தால் ஓபிஎன்சென்ஸின் பக்கம் வர வேண்டும். முதலில் வந்தது சிவப்பு எச்சரிக்கை: இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல! பாதுகாப்புக்காகப் போட்ட சாப்ட்வேரே பாதுகாப்பில்லை என்கிறதே என்று மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பயர்வால் தனக்குத் தானே எழுதிக் கொண்ட சான்றிதழை பிரவுசர் நம்பவில்லை, அவ்வளவுதான் விஷயம். நேர் கேபிளில் நம் வீட்டுப் பெட்டியுடன் பேசும்போது மட்டும் இதைத் தாண்டிப் போகலாம். பேங்க் தளத்தில் இதே எச்சரிக்கை வந்தால் அங்கேயே மூடிவிடுங்கள்.

எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய், செட்டப் விசார்டு கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னார். ஆனால் இன்டர்நெட் மட்டும் வரவில்லை. காரணம் எளியது, ஆனால் திரையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர்கள் வீட்டு ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1. ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவு எண் போல. இன்டர்நெட் பக்கமும் வீட்டுப் பக்கமும் ஒரே எண் வரிசையில் இருந்தால் எந்தப் பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று பயர்வாலுக்குத் தெரியாது. பயர்வாலின் மானிட்டரில் தெரியும் மெனுவில் 2-ஐத் தட்டி, லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றினால் தீர்ந்தது.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். ஏனென்றால் மாப்பிள்ளை அதற்குள் நெட்டில் தேடி, வேன் பக்கத்தில் "எல்லோரையும், எல்லா இடத்துக்கும் அனுமதி" என்ற ரூல் ஒன்றைச் சேர்க்கப் போய்விட்டார். இயல்பாக வேன் பக்கத்தில் உள்ளே வருவது எதற்கும் அனுமதி கிடையாது. லேனிலிருந்து வெளியே போவதற்கு முழு அனுமதி உண்டு. இன்ஸ்டாலர் செய்து தரும் இந்த ஏற்பாடுதான் உங்கள் பாதுகாப்பே. அவர் அந்த ரூலைப் போட்டிருந்தாலும் நெட் வந்திருக்காது. ஆனால் பிறகு காரணம் தெரிந்து முகவரியை மாற்றியதும் நெட் வந்துவிடும். ரூல் அப்படியே இருந்திருக்கும். வருடக்கணக்கில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார், கேட் திறந்தே இருக்கும். பயர்வால் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் கேமராவின் பாஸ்வேர்டைக்கூட மாற்றாமல் விட்டிருப்பார்கள்.

இன்ஸ்டால் முறையை எளிதாக்குவது சோம்பேறிகளுக்கான சலுகை என்று சில நிபுணர்கள் சொல்வார்கள். நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். வழியில் சிக்கியவர் எதையாவது திறந்துவிட்டுத்தான் வெளியே வருகிறார். வேனில் வரும் முகவரியும் லேன் முகவரியும் ஒரே வரிசையில் இருந்தால், அதைக் கண்டுபிடித்து "வீட்டுப் பக்கத்தை 192.168.10.1 என்று மாற்றட்டுமா?" என்று விசார்டு ஒரு கேள்வி கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இரண்டு எண்களை ஒப்பிடும் வேலைதானே.

முடித்த பிறகு செய்ய வேண்டியவை

ரூட் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். இன்ஸ்டால் முடியும் தறுவாயிலேயே அதற்கு ஒரு திரை வரும்; தாண்டிப் போகாதீர்கள். உங்கள் கனெக்‌ஷன் யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும் பிபிபிஓஇ வகையா, தானாகவே முகவரி கிடைக்கும் டிஎச்சிபி வகையா என்று தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். விசார்டில் அந்தக் கேள்வி வரும்போது நெட் இருக்காது, தேடிப் பார்க்க முடியாது.

அடுத்து பேக்கப். மோனோவாலின் ஒரே எக்ஸ்எம்எல் பைல் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பழக்கம் பிஎப்சென்ஸிலும் ஓபிஎன்சென்ஸிலும் தொடர்கிறது. பேக்கப் பக்கத்தில் ஒரு கிளிக் செய்தால் நீங்கள் செய்த எல்லா செட்டிங்குகளும் ஒரே பைலாக இறங்கிவிடும். நாளை டிஸ்க் போய்விட்டால் புதிய டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்து இந்த பைலைக் கொடுத்தால் போதும், பழையபடி ஆகிவிடும். முதல் முறை அரை நாள் ஆன வேலை இரண்டாம் முறை காபி ஆறுவதற்குள் முடியும். அந்த பைலுக்குள் உங்கள் கனெக்‌ஷனின் ரகசியங்களும் இருக்கும் என்பதால் கண்ட இடத்தில் போட வேண்டாம்.

தனிப் பெட்டியெல்லாம் வேண்டாம், என்னிடம் உபுண்டு லினக்ஸ் உள்ள ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கிறது என்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். 2008-ல் உபுண்டு 8.04-ல் வந்த யுஎப்டபிள்யூ உள்ளேயே இருக்கிறது; ஆனால் ஆப் நிலையில். பழைய எக்ஸ்பி கதைதான்! ஒரே ஒரு எனேபிள் கமாண்டில் ஆன் ஆகிவிடும். வெளியிலிருந்து வருவதைத் தடுத்து, உள்ளிருந்து போவதை விடும். கமாண்ட் பிடிக்காதவர்களுக்கு ஜியுஎப்டபிள்யூ என்ற விண்டோ வடிவமும் உண்டு. ஸ்விட்ச்சைத் தள்ளினால் போதும்.

நான் எழுதி வைத்த குறிப்புகளை மாப்பிள்ளையே ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி அந்தச் சாப்ட்வேர் செய்பவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். புரோகிராம் எழுதத் தெரிந்தால்தான் ஓப்பன் சோர்ஸுக்கு உதவ முடியும் என்பதில்லை. எந்தத் திரையில், எந்த வார்த்தையில், எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று சொல்வது அவர்களுக்குப் பெரிய உதவி. பழகியவர்களுக்கு அந்த இடம் கண்ணிலேயே படாது. நீங்கள் புதியவராக இருப்பது முதல் இன்ஸ்டாலில் மட்டும்தான். அன்றே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

தங்கை வீட்டில் பெட்டி இப்போது டிவிக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு கேபிள்களிலும் சிவப்பு, பச்சை என்று இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். சென்ற வாரம் சுத்தம் செய்ய வந்த அம்மா இரண்டையும் பிடுங்கிவிட்டு, மறுபடி அவர்களே சரியாகச் செருகியும் விட்டார்களாம்.